ஒரு எழுத்துதான் கூட

ஏறினதிலிருந்து என் முகத்தையே பார்க்கிறே. எங்கேயோ பார்த்த முகம் என்று யோசிக்கிறே. யோசிக்காதே கண்ணு, நானே சொல்லிவிடுகிறேன். உன் போனில் ஒரு வீடியோ வந்திருக்கும். எருமைக் கொட்டகைப் பக்கத்தில் ஒரு பொம்பளை நின்று பேசுவாள். நன்றாகத்தான் பேசிக்கொண்டு வருவாள், கடைசியில் பீப் என்று ஒரு சத்தம் வரும். அந்தப் பொம்பளை நான்தான். பீப் நான் இல்லை. அது அவர்கள் போட்டது.

சிரி, சிரி. எல்லாரும் சிரித்தாயிற்று, நீ ஒருத்தி பாக்கி எதற்கு?

நான் இப்படி அசைந்துகொண்டே இருக்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. நாளைக் காலை வரைக்கும் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. ஏன் என்று கேட்காதே, அதையும் சொல்வேன். சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. முதலில் பீப்பைச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ரஞ்சிதம். வேலூரில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் சாவடிக்குப்பம் என்று எங்கள் ஊர். பட்டாளத்து ஊர் என்று சொன்னால் அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்கு ஒரு ஆள் பட்டாளத்தில் இருப்பான். சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே தொப்பி போட்ட படம் ஒன்று இருக்கும். சில வீட்டில் அந்தத் தொப்பிப் படத்துக்கு மாலையும் இருக்கும். எங்கள் வீட்டில் மாலை உண்டு. என் தம்பி குமரேசன். பனிமலைப் பக்கம் போனான், பெட்டியில் வந்தான். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று கூட வந்த ஆபீசர் சொல்லிவிட்டார். எங்கள் அம்மா பெட்டியைத் தடவித் தடவி, "தலை எந்தப் பக்கம்? அதையாவது சொல்லுங்கய்யா" என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. பாவம், அவரும் சின்ன வயசு. அம்மா இரண்டு பக்கமும் பூ வைத்தாள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் மற்றது உனக்குப் புரியாது. பையன் பட்டாளத்துக்குக் கிளம்பும்போது டிரங்குப் பெட்டியை வாசற்படிக்கு வெளியே வைத்துவிட்டு, வீட்டைப் பார்த்து நிற்பான். அம்மாக்காரி படிக்கு உள்ளே நிற்பாள். "அனுப்பறியாம்மா?" என்று அவன் கேட்பான். முதல் தடவை கேட்கும்போது அவள் பதில் சொல்லக் கூடாது. இரண்டாவது தடவையும் கூடாது. மூன்றையும் ஒரே நாளில் கேட்க வேண்டும் என்றில்லை. மூன்றாவது தடவை கேட்டதும், "அனுப்ப மாட்டேனா!" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான். அம்மா சொல்லாவிட்டால் போக மாட்டான். அப்படி எவனும் போனதில்லை. சொல்லாமல் இருந்த அம்மாவும் இல்லை. ஊரே தெருவில் நின்று பார்க்கும்போது எவள் வாயை மூடிக்கொண்டிருப்பாள்? மூன்று தடவை கேட்பதே அவள் அழுது முடிக்கட்டும் என்றுதான். அது நான் நினைப்பது. தப்பாகவும் இருக்கலாம்.

எங்கள் அம்மா குமரேசனுக்குச் சத்தமாகச் சொன்னாள். தெருக்கோடி வரை கேட்டது. பெட்டி வந்த பிறகு அவள் வாயில் அந்தச் சொல் வந்ததே இல்லை. "கொஞ்சம் குழம்பு தர்றியாம்மா" என்று கேட்டால் "தர்றேன்" என்பாள். தர மாட்டேனா என்று சாகிற வரைக்கும் சொல்லவில்லை.

அதை விடு. பீப்புக்கு வருகிறேன்.

சென்னையிலிருந்து பொற்கொடி என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். பையன் மாதிரி சட்டை, கழுத்தில் ஒன்றும் கிடையாது. பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பிய அம்மா, அக்கா, பெண்டாட்டிகளை வைத்துப் படம் எடுக்கிறேன், போர் வேண்டாம் என்று சொல்கிற படம் என்றாள். படத்துக்குப் பெயர் 'அனுப்பியவர்கள்'. எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள், கத்தரிக்காய் மட்டும் தொட மாட்டாள். என்னைக் கொட்டகைப் பக்கம் நிற்க வைத்தாள். "உள்ள பெயிண்ட் அடிச்ச சுவர் இருக்குதே, அங்க நிக்கட்டுமா" என்று கேட்டேன். "இங்கதான்க்கா வெளிச்சம் நல்லா இருக்கு" என்றாள். வெளிச்சம் இருந்தது. சாணியும் இருந்தது. அதுவும் படத்தில் விழுந்திருக்கிறது.

"உங்க பையன் வாசல்ல நின்னு கேட்டா என்னக்கா சொல்வீங்க?" என்றாள்.

நான் யோசிக்கவே இல்லை. "என் தம்பியைக் குடுத்தது போதும். என் பையன் மூணு தடவை இல்ல, முந்நூறு தடவை கேக்கட்டும். நான் அனுப்ப மாட்டேன்" என்றேன்.

இவ்வளவுதான் கண்ணு நான் சொன்னது. இதில் எங்கே இருக்கிறது கெட்ட வார்த்தை? நான் அஞ்சாவதோடு நின்றவள். ஆனால் வாயைச் சுத்தமாக வைத்திருக்கிறேன். எருமையைத் திட்டுவேன். அது வேற.

படம் முடிந்ததும் முதலில் உங்களுக்குத்தான் காட்டுவேன் என்று சொல்லியிருந்தாள். சொன்ன மாதிரியே வந்தாள். ஊர்க் கல்யாண மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டினாள். நாங்கள் எல்லாரும் பூ வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தோம். சினிமாவில் நம் மூஞ்சி வரப்போகிறது, சும்மாவா? நான் பச்சைப் பட்டு கட்டியிருந்தேன். துணியில் படத்தின் பெயர் பெரிதாக வந்தது. கை தட்டினோம். தட்டிய கையை எடுப்பதற்குள் வாசலில் சத்தம்.

சுபேதார் அரங்கநாதன். முன்னாள் பட்டாளத்துக்காரர்கள் சங்கத்துக்குத் தலைவர். எனக்கு மாமா முறை. ஒரு கால் கட்டைக்கால், ஆனால் இரண்டு கால் இருக்கிறவனைவிட வேகமாக வருவார். அவருக்குப் பின்னால் சங்கத்து ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் போலீஸ்.

"சர்டிபிகேட் இல்லாத படம். நிறுத்தும்மா."

"இது தியேட்டர் இல்ல சார். இவங்க ஊரு, இவங்க படம்" என்றாள் பொற்கொடி.

"எங்க ஊரு. அதனாலதான் நிறுத்தச் சொல்றேன்."

"படத்தப் பாக்காமயே எப்படி மாமா தெரியும்?" என்று நான் எழுந்து கேட்டேன்.

"ரஞ்சிதம், உனக்கு ஒண்ணும் தெரியாது. உக்காரு."

எனக்கா தெரியாது? அவரும்தான் படத்தில் பேசியிருக்கிறார். கால் போன அன்றைக்குப் பக்கத்தில் கிடந்த சிநேகிதனைப் பற்றிச் சொல்லும்போது, பொற்கொடி கையைப் பிடித்துக்கொண்டு கேவிக் கேவி அழுதிருக்கிறார். அது வெள்ளைத் துணியில் ஆள் உயரத்துக்குத் தெரியப்போகிறது என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். தான் அழுவது தெரிந்துவிடும் என்று சொல்லி ஒரு படத்தை நிறுத்த முடியுமா? ஊர் மானம் போய்விடும் என்றால் நிறுத்தலாம்.

ஜெனரேட்டரை அணைத்துவிட்டார்கள். துணியைச் சுருட்டி ஜீப்பில் போட்டுக்கொண்டு போனார்கள். துணி என்ன செய்தது? எங்களுக்குக் கிடைத்தது படத்தின் பெயர் மட்டும்தான்.

அப்புறம் பொற்கொடி சர்டிபிகேட்டுக்காக அலைந்தாள். சென்சார் கமிட்டி என்று ஏதோ இருக்கிறதாம். ஒவ்வொரு தடவையும் ஒன்றை வெட்டச் சொன்னார்கள். எங்கள் அம்மா தலை எந்தப் பக்கம் என்று கேட்டதை நான் சொல்லியிருந்தேனா, அது போயிற்று. தம்பியைக் குடுத்தது போதும் என்றேனே, அதுவும் போயிற்று. போரே வேண்டாம் என்று ஒரு வாத்தியார் பேசினார், அவர் ஆளே காணாமல் போய்விட்டார். அரங்கநாதன் மாமா அழுகையும் போயிற்று. அவருக்கு நிம்மதியாக இருக்கும் என்றுதான் நான் போய்ச் சொன்னேன். "அழறதுல என்ன தப்பு கண்டுட்டாங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். மனுஷனைத் திருப்திப்படுத்தவே முடியாது.

மிச்சம் என்ன? நாங்கள் தண்ணீர் தூக்குவது. பையன்கள் மைதானத்தில் ஓடுவது. கொடி ஏற்றுவது. "அக்கா, இப்பப் பாத்தா பட்டாளத்துக்கு ஆள் எடுக்கற விளம்பரம் மாதிரி இருக்குதுக்கா" என்று பொற்கொடி போனில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சரியாக இல்லை. எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? எனக்கு என் பீப்தான்.

என் பேச்சில் 'மாட்டேன்' என்ற ஒரு சொல்லின் சத்தத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்களாம். எடுத்துவிட்டு சும்மா விட்டிருந்தால் என்ன? வாய் அசைந்திருக்கும், சத்தம் வராது. போன் கோளாறு என்று போயிருப்பார்கள். இவள் பீப்பைப் போட்டு டிரெய்லர் விட்டாள். "சும்மா விட்டா யாருக்கும் தெரியாதுக்கா. பீப் போட்டாத்தான் வாயை அடைச்சாங்கன்னு ஜனங்களுக்குத் தெரியும்" என்றாள். ஜனங்களுக்கு என்ன தெரிந்தது? ரஞ்சிதம் கெட்ட வார்த்தை பேசினாள் என்று தெரிந்தது.

ரேஷன் கடையில் வரிசையில் நிற்கிறேன். "என்னடி அப்படி என்ன சொன்னே? எங்க காதுல மட்டும் சொல்லேன்" என்கிறார்கள்.

"மாட்டேன்னு சொன்னேன்."

"மாட்டேனுக்கு எவனாவது பீப் போடுவானா? சொல்லுடி, நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்."

ஆளுக்கு ஒரு வார்த்தையைப் போட்டு நிரப்பிக்கொண்டார்கள். அதில் பாதி வார்த்தை எனக்குத் தெரியவே தெரியாது. பக்கத்து வீட்டு வசந்தா அர்த்தம் சொன்னாள். சொல்லிவிட்டு, "உனக்குத் தெரியாத மாதிரி கேக்கற பாரு" என்றாள். பீப்பம்மா என்று பெயரே வைத்துவிட்டார்கள். கண்டக்டர்கூட, சில்லறை இல்லை என்று நான் சொன்னால், "ஐயோ, பீப் போட்டுடாதீங்கம்மா" என்கிறான். மகளிர் குழுவில் நான் வாயைத் திறந்தாலே யாராவது ஒருத்தி பீப் என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்ய?

அரங்கநாதன் மாமாவை வழியில் பிடித்துக் கேட்டேன். "நீங்களாவது சொல்லுங்க மாமா. மாட்டேங்கறது கெட்ட வார்த்தையா?"

"இந்த ஊர்ல அதைவிடப் பெரிய கெட்ட வார்த்தை ஏதும்மா" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

இப்போது என் பையனைச் சொல்கிறேன். யுவராஜ். ஒரே பையன். அவன் அப்பா மஞ்சள் காமாலையில் போனபோது இவன் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தான். விடிகாலையில் எழுந்து ஓடுவான். கயிறு ஏறுவான். எதற்குடா ஓடுகிறாய் என்றால், உடம்புக்கு நல்லது என்பான். நானும் நம்பினேன். ஒரு நாள் வந்து தேர்வாகிவிட்டேன் என்கிறான். மெடிக்கலும் தேறிவிட்டதாம். நாளைக் காலை சென்னையில் ஆஜராக வேண்டும். அங்கிருந்து ரயிலில் ஏற்றி வடக்கே எங்கேயோ கொண்டுபோவார்கள். நாளைக் காலை போய் நிற்காவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

புரிகிறதா? நாளைக் காலை தாண்டிவிட்டால் போதும். என் பிள்ளை என்னோடு இருப்பான். ராணிப்பேட்டையில் எத்தனை கம்பெனி இருக்கிறது, ஏதாவது ஒன்றில் சேர்த்துவிடலாம்.

கறுப்புப் பெட்டி வாங்கி, வெள்ளைப் பெயிண்டில் பெயர் எழுதி வைத்திருக்கிறான். நான் அதில் அரிசியைக் கொட்டி வைத்தேன். அவன் பேசாமல் அரிசியை எடுத்து அண்டாவில் கொட்டிவிட்டுத் துணியை அடுக்கினான். நான் துணியை எடுத்துக் கொடியில் போட்டேன், துவைத்த துணியை. அவன் மறுபடி மடித்து வைத்தான். இப்படியே போயிற்று ஒரு வாரம். சண்டை என்று ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் நன்றாகத்தான் சாப்பிட்டோம்.

போன வெள்ளிக்கிழமை வாசலில் நின்று, "அனுப்பறியாம்மா?" என்று கேட்டான். நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கரைத்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு ரசம் வாயில் வைக்க முடியவில்லை. நேற்றுச் சாயங்காலம் இரண்டாவது தடவை கேட்டான். பெட்டியை வெளியே வைத்து, முறைப்படி கேட்டான். வசந்தா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ரஞ்சிதம், பீப் போட்டுடாதடி" என்றாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மூன்றாவது தடவை அவன் கேட்கவில்லை. மூன்றாவது தடவை கேட்டு அம்மா சொல்லவில்லை என்றால் அதோடு முடிந்தது, அப்புறம் கேட்கவே கூடாது. அதனால் தயங்குகிறான். நல்ல பிள்ளை. என் வாயால் சொல்லாமல் படி தாண்ட மாட்டான். கோபத்தில் ஒரு நாள் நானே, "சொல்லாமப் போயேண்டா, யாரு உன்னைக் கட்டி வெச்சிருக்கா?" என்றேன். "உன் வார்த்தை இல்லாமப் போனா திரும்பி வர மாட்டேன்மா. எனக்கு பயம்" என்றான். வார்த்தை வாங்கிக்கொண்டு போன குமரேசன் வந்தானா? கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. தொப்பிப் படத்துக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தான், அவனுக்கே தெரியாதா?

இந்த நேரத்தில்தான் நேற்று ராத்திரி பொற்கொடி போன் செய்தாள்.

"அக்கா, ஒரு எழுத்து சேத்துக்கச் சொல்றாங்க. 'மாட்டேன்'னு வர்ற இடத்துல 'மாட்டேனா'ன்னு. அப்படின்னா அந்தப் பேச்சை வெச்சுக்கலாமாம். சர்டிபிகேட்டும் தருவாங்களாம்."

"பீப்?"

"பீப் இருக்காதுக்கா. ஆனா..."

"அப்ப சொல்லிடறேன். எப்ப வரணும்?"

"இருங்கக்கா. அர்த்தம் அப்படியே தலைகீழா மாறிடும். நீங்க முடியாதுன்னு சொல்லுங்க, நானும் அவங்ககிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன். படம் வராட்டியும் போகட்டும்."

"எதுக்கும்மா வராமப் போகணும்? ஒரு எழுத்துதானே கூட. உனக்குப் படம் வந்துடும், எனக்குப் பேரு வந்துடும்."

போனைக் காதிலிருந்து எடுத்தேன். கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். ஆகவில்லை. அப்புறம் மெதுவாக, "நாளைக்கு ரெக்கார்டிங் தியேட்டர் கிடைக்குதுக்கா" என்றாள். ரொம்பப் படித்த பெண். ஒரு எழுத்துக்கு இவ்வளவு யோசனை.

நாளைக்கு என்றதும் எனக்கு இன்னொரு யோசனை வந்தது. நான் வீட்டில் இல்லாவிட்டால் யுவராஜ் யாரைக் கேட்பான்? வாசல் இருக்கும், படி இருக்கும், அம்மா இருக்க மாட்டாள். பகல் முழுக்கச் சென்னையில் கழித்துவிட்டு இருட்டும்போது போய்ச் சேர்ந்தால், அப்புறம் ஒரு ராத்திரிதானே. தலைவலி என்று போர்த்திக்கொண்டு படுத்துவிடலாம். எப்படி என் யோசனை? சொல்லு.

காலையில் கிளம்பும்போது, "பீப்பை எடுக்கப் போறேன்டா. நல்லபடியாப் பேசி முடிச்சதும் உன் போனுக்கு அனுப்பறேன், கேளு" என்றேன். அவன் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். தலையை மட்டும் ஆட்டினான்.

ரெக்கார்டிங் தியேட்டர் என்றால் தியேட்டர் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். ஒரு சின்ன அறை. சுவர் முழுக்கப் பஞ்சு. மார்கழி மாதிரிக் குளிர். எதிரே சின்னத் திரையில் நானே நின்று பேசுகிறேன், அந்த வாய் அசைகிற நேரத்துக்கு நான் இங்கே பேச வேண்டும். சவுண்டு பார்க்கிறவன் பெயர் ராபர்ட். அவன் ஒரு கஷ்டத்தைக் கண்டுபிடித்தான். 'மாட்டேன்' என்று சொல்லி முடித்ததும் திரையில் என் வாய் மூடிக்கொள்கிறது. மூடின வாயிலிருந்து 'ஆ' எப்படி வரும்? அதனால் அந்த இடத்தில் எருமை முகத்தைக் காட்டிவிட்டார்கள். 'மாட்டேன்' வரைக்கும் என் வாய். 'ஆ' வரும்போது எருமை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, எருமையும் லட்சணமான எருமை.

சொன்னேன். முதலில் சண்டைக்குப் போகிற மாதிரி வந்தது. அப்புறம் சந்தேகம் கேட்கிற மாதிரி வந்தது. அப்புறம் இருமல் வந்தது. வெந்நீர் கொடுத்தார்கள். பொற்கொடி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ராபர்ட்தான் பொறுமையாகச் சொன்னான். "அம்மா, மைக்கை மறந்துடுங்க. உங்க பையன் எதிர்ல நிக்கறான்னு நெனச்சுக்குங்க. அவன் கேக்கறான். நீங்க சொல்றீங்க. அவ்வளவுதான்."

நினைத்தேன். நின்றான். பெட்டியோடு நின்றான். கழுத்தில் வேர்வை, காலையில் ஓடிவிட்டு வருவானே, அந்த மாதிரி.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அனுப்ப மாட்டேனா!"

ராபர்ட் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். பொற்கொடி எழுந்து வெளியே போய்விட்டாள். சினிமா வேலை, ஆயிரம் போன் வரும்.

எனக்கே தெரிந்தது, நன்றாக வந்துவிட்டது என்று. எங்கள் அம்மா சொன்ன மாதிரியே வந்தது. அதே இழுப்பு. இந்தக் குரல் எனக்குள் எங்கே இருந்தது? அது மட்டும் கொஞ்சம்... விடு. சினிமாவுக்குச் சொன்னதுதானே. படி வேண்டும், பெட்டி வேண்டும், அவன் நின்று மூன்று தடவை கேட்க வேண்டும். பஞ்சுச் சுவரைப் பார்த்துச் சொன்னதெல்லாம் வார்த்தை ஆகுமா? ஆகாது. நீயே சொல்லு, ஆகுமா? எங்கள் ஊரில் ஒருத்தி ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு போனில் சொல்லி, அதைக் கேட்டு ஒரு பையன் போயிருக்கிறான், உண்மைதான். ஆனால் அவன் கேட்டான், அவள் சொன்னாள். இது அப்படி இல்லை. இது வேற.

பொற்கொடி அந்தத் துண்டை மட்டும் என் போனில் ஏற்றிக் கொடுத்தாள். பஸ் ஏற்றிவிடும்போது, "மன்னிச்சுடுங்கக்கா" என்றாள். எதற்கு மன்னிப்பு? பீப்பைப் போட்டதற்காக இருக்கும். "அதான் எடுத்தாச்சே, விடும்மா" என்று கன்னத்தைத் தட்டிவிட்டு ஏறினேன்.

ஏறி உட்கார்ந்ததும் யுவராஜ் மெசேஜ் அனுப்பியிருந்தான். "அனுப்பறியாம்மா?" என்று. பாரேன், ஞாபகமாகக் கேட்கிறான். அவனையும்தானே மைதானத்தில் பீப்பம்மா பையன் என்று கூப்பிடுகிறார்கள். அவனுக்கும் ஆசை இருக்காதா, பீப் போய்விட்டதா என்று கேட்க? உடனே அனுப்பிவிட்டேன். நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாயே, அப்போது அதைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

என்ன? இல்லை, வேற ஒன்றும் எழுதவில்லை. அந்த ஒரு வரிதான். நானும் வேற ஒன்றும் எழுதவில்லை. எனக்கு எழுத நேரமாகும், பேச்சை மட்டும் அனுப்பினேன்.

பதில் வந்ததே. இதோ பார். "கேட்டுட்டேன்மா. கிளம்பறேன்." கோபமெல்லாம் போய்விட்டது, பார்த்தாயா? வேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருகிறான். அம்மா டவுன் பஸ்ஸில் இடிபட வேண்டாம் என்று. நான் வா என்று கூப்பிடவே இல்லை, அவனாகவே கிளம்பியிருக்கிறான்.

ஏன் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறே? கொடு இப்படி. ஏன் கண்ணு, உனக்கு உடம்புக்கு ஏதாவது செய்கிறதா? பஸ் ஒத்துக்கொள்ளாதா? எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன், மோந்து பார்க்கிறாயா?

இரு, இரு. அவன்தான் கூப்பிடுகிறான்.

"யுவா! எங்கடா இருக்கே? நானா? காவேரிப்பாக்கம் தாண்டிட்டோம்டா... சாப்ட்டேன். தயிர்சாதம். நீ சாப்ட்டியா?... எவ்வளவு நல்லா சொல்லியிருக்கேன் பாத்தியா? பீப் போச்சு பாத்தியா?... என்னடா, குரல் ஒரு மாதிரி இருக்கு? வண்டி ஓட்டிக்கிட்டே பேசாதேன்னு எத்தனை தடவை சொல்றது... என்னது? கேக்கலைடா. சத்தமாச் சொல்லு... யுவா? யுவா?"

கட்டாகிவிட்டது. இந்த இடத்தில் டவரே கிடைக்காது போல.

வண்டி நான் ஓட்டலைம்மா என்கிறான். அப்படியானால் கூட்டாளி யாராவது ஓட்டுகிறான். பின்னால் உட்கார்ந்து வருகிறான். அதுவும் நல்லதுதான். இவனுக்கு வேகம் அதிகம்.

போனில் ஒரே இரைச்சல். டிக்கெட், டிக்கெட் என்று யாரோ கத்தினார்கள். நம்ம கண்டக்டராக இருக்கும்.

நம்ம கண்டக்டர் முன் சீட்டில் தூங்குகிறான்.

மறுபடி போட்டால் எடுக்கவில்லை. சுவிட்ச் ஆஃப் என்று வருகிறது. சார்ஜ் இருந்திருக்காது. காலையிலேயே சொன்னேன், சார்ஜில் போடுடா என்று.

எதிரே வருகிற பஸ்ஸெல்லாம் எங்கே போகிறது? சென்னைக்கா? எல்லாமேவா?

நீ கொஞ்சம் எழுந்திரு கண்ணு. அந்த ஜன்னல் ஓரம் எனக்குக் கொடு. இந்தக் கண்ணாடியைத் தள்ளு. இன்னும் தள்ளு, வரவில்லை என்றால் இரண்டு கையாலும் தள்ளு. அதோ ஒன்று வருகிறது. அந்தப் பக்க ஜன்னலில் யார்? கறுப்பாக மடியில் ஏதோ... போய்விட்டது. அடுத்தது வருகிறது. ஏன் இவன் இப்படி ஓட்டுகிறான்? டிரைவரிடம் சொல்லு. போய்ச் சொல்லு. மெதுவாகப் போகச் சொல்லு.